கராஜ் பட்டறைக்கு நிலையான வெப்பம்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வீட்டுக் கராஜ் பலருக்குக் கார் நிறுத்தும் இடம் மட்டுமல்ல. தச்சு வேலை, வெல்டிங், பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. ஆனால் கராஜைக் கட்டியவர் காரை மனத்தில் வைத்துத்தான் கட்டியிருப்பார். சுவருக்குள் வெப்பக் காப்புப் பஞ்சு இருக்காது. கூரையின் அடிப்பலகை அப்படியே தெரியும். 16 அடி அகலக் கதவு மெல்லிய எஃகுத் தகடாக இருக்கும். நவம்பரில் வேலை நின்றால் ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கும்.

குளிரில் கஷ்டப்படுவது விரல்கள் மட்டுமல்ல. சாதாரண மரப்பசை வகைகளில் பல, 10 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் படலமாகாது. காய்ந்த பின் சுண்ணாம்புத் தூள்போல் வெளுத்து, பிடிப்பை இழந்துவிடும். எப்பாக்ஸி இறுகுவதற்கு மணிக்கணக்கு நாள்கணக்காகும். தண்ணீர் சேர்ந்த பெயின்ட் ஒருமுறை உறைந்தால் பெரும்பாலும் வீண்தான். கம்பியில்லாத் துளைக்கருவிகளின் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே புக வேண்டிய இடத்தில் புகாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். எனவே பட்டறைக்கு வேண்டியது வரவேற்பறையின் 21 டிகிரி அல்ல. வேலை நேரத்தில் 15 டிகிரி, மற்ற நேரத்தில் உறையாத அளவுக்கு 5 முதல் 8 டிகிரி என்பது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

எந்த ஹீட்டர் என்ற கேள்விக்கு முன்னால் எவ்வளவு வெப்பம் என்ற கேள்வி வருகிறது. கடைகளில் ஹீட்டர் பெட்டியின் மேல் ‘இத்தனை சதுர அடிக்கு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்குவது வீண் செலவுக்கு நேர்வழி. வெப்பம் தரையின் பரப்பு வழியாக மட்டும் வெளியேறுவதில்லை. சுவர், கூரை, கதவு, தரையின் ஓரம், இடுக்குகளில் நுழையும் காற்று என ஐந்து வழிகளில் அது போகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட முடியும். திடமான பரப்புகளுக்குக் கணக்கு எளிது: பரப்பளவு, ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கசிகிறது என்ற எண், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள டிகிரி வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். காற்றுக்கு, உள்ளே இருக்கும் காற்று மணிக்கு எத்தனை முறை முழுவதும் மாறுகிறது என்பதைக் கொண்டு கணக்கிடுவார்கள்.

உதாரணத்துக்கு ஒட்டாவா நகரில், வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு கராஜை எடுத்துக்கொள்ளலாம். நீளமும் அகலமும் 24 அடி, உயரம் 9 அடி. இரண்டு கார்கள் நிற்கும் அளவு. மீட்டரில் சொன்னால் தரை 53.5 சதுர மீட்டர், உள்ளே அடங்கும் காற்று ஏறத்தாழ 145 கன மீட்டர். ஒட்டாவாவுக்குக் கட்டட விதிகள் தரும் வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி. டொராண்டோவுக்கு அது மைனஸ் 18, வின்னிபெக்குக்கு மைனஸ் 33. இது அந்த ஊர் கண்ட மிகக் கடுமையான குளிர் அல்ல. ஜனவரி மாதத்து மணிநேரங்களில் இரண்டரை விழுக்காடு மட்டுமே இதைவிடக் குளிராக இருக்கும் என்று வகுத்த எல்லை. 744 மணிநேரத்தில் ஏறத்தாழ 19 மணிநேரம். உள்ளே 15 டிகிரி வேண்டுமென்றால் வேறுபாடு 40 டிகிரி.

காப்பு எதுவும் இல்லாத நிலையில் சுவர்கள் வழியாக ஏறத்தாழ 6.5 கிலோவாட் போகும். கூரை வழியாகவும் அதே அளவு. பெரிய கதவு 2 கிலோவாட்டைக் கசியவிடும். ஜன்னலும் சிறு கதவும் சேர்ந்து அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். கான்கிரீட் தளத்தின் ஓரங்கள் 1.4 கிலோவாட். காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் அதற்கு 3.8 கிலோவாட். கூட்டினால் ஏறத்தாழ 21 கிலோவாட். வட அமெரிக்கக் கடைகளின் பி.டி.யு. கணக்கில் இது மணிக்கு 71,000. ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு.

அதே கராஜின் சுவர்ச் சட்டங்களுக்கிடையே கண்ணாடிநார்ப் பஞ்சை நிரப்பி, உட்கூரை போட்டு அதன் மேல் ஓரடி ஆழத்துக்குச் செல்லுலோஸ் தூவி, கதவை நுரை நிரப்பியதாக மாற்றி, தளத்தின் வெளியோரத்தில் நுரைப் பலகை பதித்து, கதவின் விளிம்புகளுக்கு ரப்பர் பட்டையும் இட்டால் கணக்கு தலைகீழாகும். சுவர் 1.2 கிலோவாட், கூரை 0.3, பெரிய கதவு 0.4, ஜன்னலும் சிறு கதவும் 0.25, தளத்தின் ஓரம் 1.1, காற்று மாற்றம் மணிக்கு முக்கால் முறையாகக் குறைந்து 1.4. மொத்தம் 4.7 கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது பழைய தேவையில் கால்பங்குகூட இல்லை.

இந்த இரண்டு கூட்டல்களில்தான் விஷயமே இருக்கிறது. 21 கிலோவாட் தேவைப்படும் கட்டடத்துக்கு எரிவாயுவைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை. வீட்டு மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குவது அரிது. 4.7 கிலோவாட் போதுமென்றால் மின்சாரம், வெப்ப பம்ப், சிறிய எரிவாயு ஹீட்டர், சூடான தளம் என எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. ஓராண்டுச் செலவும் அதே விகிதத்தில் மாறும். ஒட்டாவாவின் குளிர்காலக் கடுமையை 18 டிகிரியை அடிப்படையாக வைத்து அளந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 டிகிரி-நாள். கராஜை எப்போதும் 18 டிகிரியில் வைத்திருந்தால், காப்பற்றதற்கு ஆண்டுக்கு 56,000 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பமும், காப்பிட்டதற்கு 12,500 யூனிட்டும் தேவை. எவ்வளவு திறமையான ஹீட்டர் வாங்கினாலும் இந்த இடைவெளியை அது ஒன்றே நிரப்பாது.

காப்பிட்ட பிறகு கசிவின் வரிசை மாறுவதையும் கவனிக்கலாம். முதலில் சுவரும் கூரையும் முன்னணியில் நின்றன. இப்போது காற்று இடுக்குகள் முதலிடத்துக்கு வர, தளத்தின் ஓரம் சுவரை நெருங்குகிறது, கூரை வெகுவாகப் பின்னால் போகிறது. அதனால் சுவரில் மேலும் இரண்டு அங்குலப் பஞ்சைத் திணிப்பதைவிட, பெரிய கதவின் அடிரப்பரை மாற்றுவது அதிகப் பலன் தரும். கதவு விளம்பரங்களில் போடும் காப்பு எண் பலகையின் நடுவில் அளந்தது. மடிப்புகளும் விளிம்புகளும் சேர்ந்த முழுக் கதவின் நிஜமான காப்பு அதைவிடக் கணிசமாகக் குறைவு. பஞ்சுக்கு உட்புறமாக, வெப்பம் இருக்கும் பக்கத்தில், பாலித்தீன் தாள் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த வெளிப்பலகையில் நீராகப் படிந்து, மரத்தை உள்ளிருந்தே இற்றுப்போக வைக்கும்.

அடுத்தது நீர். பலரும் முதலில் வாங்குவது சிலிண்டரில் ஓடும் புரொப்பேன் ஹீட்டரையோ, கட்டுமான இடங்களில் சத்தத்தோடு எரியும் மண்ணெண்ணெய்க் குழல் ஹீட்டரையோதான். விலை மலிவு, புகைபோக்கி வேண்டாம், பத்தே நிமிடத்தில் சூடு. எரிந்ததெல்லாம் அறைக்குள்ளேயே தங்குவதுதான் சிக்கல். ஒரு புரொப்பேன் மூலக்கூறு எரிந்தால் மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் நான்கு நீர் மூலக்கூறுகளும் வரும். எடையில் சொன்னால், ஒரு கிலோ புரொப்பேன் 1.6 கிலோவுக்கு மேல் தண்ணீராகவும் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. காப்பில்லாத கராஜுக்கு 20 கிலோவாட் வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ புரொப்பேன் எரிய வேண்டும். கூடவே இரண்டரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். காற்று மணிக்கு இரண்டு முறை மாறினாலும் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ ஒன்பது கிராம் ஈரம் நிற்கும். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பும் அந்தக் காற்றில் வியர்க்கும்.

வாரம் முழுவதும் உறைந்து கிடந்த மேசை ரம்பத்தின் வார்ப்பிரும்புத் தளம் சனிக்கிழமை காலை மைனஸ் 10 டிகிரியில் இருக்கும். பல பத்து கிலோ எடையுள்ள அந்த இரும்பு சூடேறப் பல மணிநேரம் ஆகும். அதுவரை காற்றின் ஈரமெல்லாம் அதன் மேல் படியும். மறு வாரம் பார்த்தால் மேசை செம்பழுப்பாகத் துருவேறியிருக்கும். குளிரில் கருவிகள் துருப்பிடித்தன என்று பலர் நினைக்கிறார்கள். துருவுக்குக் காரணம் குளிர் அல்ல. குளிர்ந்த இரும்பைச் சுற்றித் திடீரென்று வந்த ஈரக் காற்று. அதே ஹீட்டரால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஒரு விழுக்காட்டை நெருங்கும். எட்டு மணிநேர வேலைக்கு வட அமெரிக்காவில் ஏற்கப்பட்ட வரம்பு அரை விழுக்காடு. எரிப்பு சரியாக நடக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிலையான ஏற்பாடு என்று வரும்போது புகைபோக்கியில்லாத எரிப்பு ஹீட்டர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

புகையை வெளியே விடும் ஹீட்டரில் நிலைமை நேர்மாறு. மைனஸ் 20 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம்கூட ஈரம் கொள்ளாது. அதை உள்ளே இழுத்து 15 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஐந்தாறு விழுக்காட்டுக்கு இறங்கும். மரம் சுருங்கும், பலகையின் முனை வெடிக்கும். மரத்தைச் சேமித்து வைக்கும் தச்சருக்கு அளவுக்கு மீறிய காற்று மாற்றமும் பகைதான். இடுக்குகளை அடைத்தால் வெப்பத்தோடு இந்த ஈரமும் காக்கப்படும்.

இனி ஹீட்டர்கள். வீட்டின் பிரதான ஃபர்னஸிலிருந்து ஒரு குழாயைக் கராஜுக்கு நீட்டிவிடலாமே என்ற யோசனை பலருக்குத் தோன்றும். வட அமெரிக்கக் கட்டட விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கராஜின் பெட்ரோல் ஆவியும் புகையும் அந்தக் குழாய் வழியே படுக்கையறைக்கு வந்துவிடும் என்பதே காரணம். விறகடுப்பும் ஏறத்தாழ அப்படித்தான். வீட்டுக் கராஜில் அதை நிறுவ, அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 211 தரவிதி இடம் தருவதில்லை. கார் நுழையாத தனிப் பட்டறையில் அது சாத்தியம். மரத்துண்டுக் கழிவு இலவச எரிபொருளாகும். ஆனால் ஆள் இல்லாத இரவில் 8 டிகிரியைக் காக்க அதனால் முடியாது.

மின் ஹீட்டர் எல்லாவற்றிலும் எளிது. கூரை மூலையில் தொங்கும் பெட்டி, உள்ளே சூடாகும் கம்பிச் சுருள், பின்னால் ஒரு விசிறி. சுவரிலுள்ள 120 வோல்ட் செருகியில் 1,500 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அது பட்டறைக்குப் போதாது. 240 வோல்ட் தனிச் சுற்று இழுத்தால் 5 கிலோவாட் ஹீட்டருக்கு 30 ஆம்பியர் பிரேக்கர் போதும், 7.5 கிலோவாட்டுக்கு 40 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் சுமை என்பதால் பிரேக்கரைக் கால்பங்கு கூடுதலாகப் போடுவது விதி. புகைபோக்கி இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை, நிறுவும் செலவும் குறைவு. செலுத்திய மின்சாரம் முழுவதும் வெப்பமாகும். ஆனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம் என்பதுதான் அதன் உச்சவரம்பு. வார இறுதியில் மட்டும் வேலை செய்பவருக்கு, காப்பிட்ட கராஜில், இதைவிடச் சிக்கனமான மொத்தச் செலவு கிடைப்பது கடினம். தினமும் எட்டு மணிநேரம் உழைப்பவருக்கு மின்கட்டணம் வேறு கதை சொல்லும்.

எரிவாயு ஹீட்டர் குளிர்ப்பிரதேசக் கராஜ்களின் பழைய நம்பிக்கை. விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் 1916இல் தொடங்கிய மோடைன் போன்ற நிறுவனங்கள் கூரையில் தொங்கும் விசிறி ஹீட்டர்களைச் செய்கின்றன. சாதாரண வகையின் திறன் ஏறத்தாழ 80 விழுக்காடு. மிச்சம் புகையோடு போகும். 90 விழுக்காட்டைத் தாண்டும் வகைகள் புகையைக் குளிர்வித்து அதிலுள்ள நீராவியையும் நீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அந்த நீரை ஒரு குழாய் வெளியேற்ற வேண்டும். வாரநாட்களில் பட்டறையை உறைய விடுபவருக்கு அந்தக் குழாய் அடைபட்டு ஹீட்டர் நின்றுபோகும். அப்படிப்பட்டவருக்கு 80 விழுக்காடே மேல்.

எரிவாயுவில் திறனைவிட முக்கியமானது, எரிப்புக்கான காற்று எங்கிருந்து வருகிறது என்பது. மலிவான வகை அறைக் காற்றையே எடுத்து எரிக்கும். மூடிய எரிப்பறை கொண்ட வகை, தனிக் குழாய் வழியாக வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே விடும். அதன் தீ அறைக் காற்றைத் தொடுவதே இல்லை. பட்டறைக்கு இரண்டாவது வகைதான் தகும். காரணம் மூன்று: மரத்தூள், கரைப்பான் ஆவி, தூசு உறிஞ்சி. பறக்கும் தூள் பர்னரை அடைக்கும்; பெயின்ட் தின்னர், வார்னிஷ் ஆவி நேரே தீயைத் தேடிப் போகும். மூன்றாவது காரணம் பலர் யோசிக்காதது.

தச்சுப் பட்டறையின் தூசு உறிஞ்சி ஒன்று நிமிடத்துக்கு 1,000 கன அடிக் காற்றை இழுக்கும். மணிக்கு அது 1,700 கன மீட்டர். அதன் வாயை வெளியே திருப்பிவிட்டால் நுண்தூள் தொல்லை தீரும் என்று பலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் நமது கராஜில் இருப்பது ஏறத்தாழ 145 கன மீட்டர் காற்று. ஐந்தே நிமிடத்தில் சூடான காற்று முழுவதும் வெளியே போய், மைனஸ் 25 டிகிரிக் காற்று அந்த இடத்தை நிரப்பும். அந்த ஒரு விசிறி கடத்தும் வெப்பம் 22 கிலோவாட். காப்பே இல்லாத முழுக் கராஜின் இழப்பைவிட அதிகம். இவ்வளவு உழைத்துக் காப்பிட்டதெல்லாம் ஒரு சுவிட்சில் போய்விடும். அதோடு, இறுக மூடிய கராஜில் விசிறி இழுக்கும் காற்றுக்கு மாற்றுக் காற்று வர வழியில்லாவிட்டால், அறைக்காற்றில் எரியும் ஹீட்டரின் புகைபோக்கியே அந்த வழியாகிவிடும். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே வரும். ஆக, குளிர்காலத்தில் தூசு உறிஞ்சியின் காற்றை நல்ல நுண்வடிகட்டி வழியாக அறைக்கே திருப்ப வேண்டும், ஹீட்டர் மூடிய எரிப்பறை கொண்டதாக இருக்க வேண்டும். பெயின்ட் தெளிக்கும்போது ஆவியை வெளியேற்றியே தீரவேண்டும் என்பதால், அந்த வேலையைக் கோடைக்குத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். கராஜுக்குள் தீப்பொறி தரக்கூடிய எந்தச் சாதனமும் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி அதனால் வந்தது. கூரையில் தொங்கும் ஹீட்டர் இதை இயல்பாகவே நிறைவேற்றிவிடும்.

அளவு மீறுவதும் கெடுதலே. காப்பிட்ட கராஜுக்கு 75,000 பி.டி.யு. ஹீட்டரை மாட்டினால் மூன்று நிமிடம் எரிந்து, அணைந்து, மீண்டும் எரியும். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உலோகத்தில் புகையின் ஈரம் படிந்து வெப்பப் பரிமாற்றியை அரிக்கும். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய வகைகளில் ஒன்றான 30,000 பி.டி.யு. ஹீட்டரே 80 விழுக்காட்டுத் திறனில் 7 கிலோவாட் தந்துவிடும். நமது கராஜுக்கு அதுவே தாராளம்.

இப்போது அதிகம் பேசப்படுவது வெப்ப பம்ப். குளிர்பதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிப் போட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரலாம் என்பதை 1852இலேயே கெல்வின் பிரபு எழுதிவைத்தார். வெளியே மைனஸ் 15 டிகிரி என்றாலும் காற்றில் வெப்பம் இல்லாமல் இல்லை. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தை அதற்கு எதிரே ஓடவிட்டால் அந்த வெப்பம் திரவத்துக்குள் வரும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றி உள்ளே விடும். இதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் அது இரண்டுக்கும் கீழே இறங்கும். குளிர்நாடுகளுக்கென்று செய்த மாதிரிகள் மைனஸ் 25 டிகிரி வரை ஓடுகின்றன. மிட்சுபிஷியின் அத்தகைய வரிசை மைனஸ் 15 டிகிரியிலும் தன் முழுத் திறனைத் தருவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. அந்த வெப்பநிலையில் நமது கராஜின் தேவை 3.5 கிலோவாட். நடுத்தர ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றின் அளவுதான் அது. மைனஸ் 15க்கு வெகுவாகக் கீழே இறங்கும் நேரங்களுக்காக ஒரு சிறிய மின் ஹீட்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் அதே பெட்டி அறையைக் குளிர்விக்கும், ஈரத்தையும் பிழியும். ஒட்டாவாவின் கோடைப் புழுக்கத்தில் வார்ப்பிரும்பைக் காக்க இது சிறிய உதவியல்ல.

அதற்கும் குறைகள் உண்டு. உட்புறப் பெட்டியின் நெருக்கமான அலுமினியத் தகடுகளில் மரத்தூள் அப்பிக்கொள்ளும். காற்று நுழையும் வாயில் கூடுதல் வடிகட்டி வைத்து, குளிர்காலம் முழுவதும் அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வெளிப்பெட்டியைப் பனி மூடாத உயரத்தில் தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். வெளிச்சுருளில் உறையும் பனியைக் கரைக்க அது அவ்வப்போது சற்று நேரம் திசைமாறி ஓடும். இன்னொன்று, வாங்கும்போது எவரும் கேட்காதது: பல மாதிரிகளில் 16 டிகிரிக்குக் கீழே வைக்கவே வழியிருக்காது. ஆளில்லாத இரவுகளில் 8 டிகிரி போதும் என்றிருக்கையில் 16க்குக் காசு கட்ட நேரும். தாழ்நிலைக் காப்பு வசதி உள்ள மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

எரிவாயுவா, வெப்ப பம்பா என்பதை ஊர்க் கட்டணம் தீர்மானிக்கும், கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10.4 யூனிட் வெப்பம் உண்டு. 80 விழுக்காட்டு ஹீட்டரில் 8.3 யூனிட் கைக்கு வரும். ஒரு லிட்டர் புரொப்பேனில் 7 யூனிட். அதே ஹீட்டரில் 5.6. குளிர்காலச் சராசரியாக வெப்ப பம்ப் ஒன்றுக்கு இரண்டரை தந்தால், ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப்போல் மூன்று மடங்குவரை இருந்தாலும் வெப்ப பம்ப் தோற்காது. எரிவாயுக் குழாய் இல்லாமல் புரொப்பேன் தொட்டியை நம்பியிருக்கும் கிராமப்புறங்களில் வெப்ப பம்புக்கே பெரும்பாலும் வெற்றி. கராஜ் வாசலில் ஏற்கெனவே எரிவாயுக் குழாய் இருந்தால் போட்டி கடுமை. பல நாட்கள் தொடர்ந்து மைனஸ் 20ஐச் சுற்றியே கிடக்கும் கனடாவின் புல்வெளி மாகாணங்களில் எரிவாயுவை அசைப்பது கஷ்டம்.

கதிர்வீச்சுக் குழல் ஹீட்டர் காற்றை விட்டுவிட்டுப் பொருட்களை நேரே சூடாக்கும். பெரிய கதவை அடிக்கடி திறக்கும் லாரிப் பட்டறைகளுக்கு அது அருமையானது. ஆனால் எரியக்கூடிய எதுவும் குழலின் கீழே ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாகச் சொல்லும். 9 அடிக் கூரையில் அந்த இடைவெளி கிடைப்பது கடினம். தலை சுடும், கால் குளிரும்.

சூடான தளம் எல்லாரும் ஆசைப்படுவது, தாமதமாகவே நினைவுக்கு வருவது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அடியில் நுரைப் பலகையும் மேலே பிளாஸ்டிக் குழாய்ச் சுருளும் பதித்தால், உறையாத கிளைக்கால் கலந்த வெந்நீர் அதில் ஓடும். ஊற்றிய பிறகு வழியில்லை. பழைய தளத்தின் மேல் புதிய தளம் போட்டால்தான் உண்டு. காலடியிலிருந்து மேலெழும் அந்தச் சீரான கதகதப்புக்கு ஈடு எதுவுமில்லை. காற்றை வீசாததால் தூளும் பறக்காது. ஆனால் நான்கு அங்குலத் தளத்தின் எடை பன்னிரண்டு டன்னுக்கு மேல். அதை ஒரு டிகிரி உயர்த்த 3 யூனிட் வெப்பம் வேண்டும். 5 கிலோவாட்டில், இழப்பே இல்லையென்றாலும், 10 டிகிரி ஏற ஆறு மணிநேரத்துக்கு மேலாகும். கனத்த தோசைக்கல்லைப்போல, சூடேறவும் ஆறவும் அதற்கு அதன் நேரம் வேண்டும். தினமும் வேலை செய்பவருக்குத்தான் இது பொருந்தும். சனிக்கிழமைத் தச்சருக்கு அல்ல.

அதே தளம் மற்ற ஹீட்டர்களுக்கும் ஒரு விதத்தில் துணை நிற்கிறது. கராஜிலுள்ள காற்று முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்க 0.05 யூனிட் போதும். ஒருமுறை பெரிய கதவைத் திறந்து காரை எடுத்தால் காற்றெல்லாம் போய்விடும். ஆனால் தளமும் சுவரும் இயந்திரங்களும் சூடாகவே இருக்கும். கதவை மூடியதும் வெப்பநிலை விரைவில் மீள்வது அதனால்தான். பட்டறையை முழுவதும் உறையவிட்டு வாரம் ஒருமுறை சூடாக்குபவருக்கு இந்த இருப்பு கிடைக்காது. ஹீட்டர் காற்றை 15 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் குளிர்ந்த தளமும் சுவரும் உடலின் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெப்பமானி 15 காட்டும், உடம்பு நடுங்கும். இரும்பும் துருவிலிருந்து தப்ப வேண்டும் என்றால் 5 டிகிரிக்குக் கீழே விடாமல் வைத்திருப்பதே நல்லது. காப்பிட்ட கராஜில் அதற்காகும் செலவு பெரிதல்ல.

நிறுவும்போது சில இடங்களைக் கவனிக்க வேண்டும். விசிறி ஹீட்டரை மூலையில் மாட்டி, காற்று பெரிய கதவின் குறுக்கே சுவரோரமாகச் சுழலும்படி திருப்பினால் அறை முழுவதும் சீராகும். தெர்மோஸ்டாட்டை உட்புறச் சுவரில் மார்பளவு உயரத்தில், ஹீட்டரின் காற்று நேரே படாத இடத்தில் வைக்க வேண்டும். கூரையடியில் தேங்கும் வெப்பத்தை மெதுவாகச் சுழலும் கூரை விசிறி கீழே இறக்கும். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு துளையும் விடாமல் அடைத்து, இடைக்கதவு தானாக மூடும்படி செய்ய வேண்டும். எரிவாயு ஹீட்டர் இருந்தால் வீட்டுக்குள்ளும் கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம். ஒண்டாரியோ மாகாணத்தில் எரிவாயு இணைப்பை, தொழில்நுட்பத் தர, பாதுகாப்பு ஆணையமான டி.எஸ்.எஸ்.ஏ.விடம் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். புதிய 240 வோல்ட் சுற்றுக்கு மின் பாதுகாப்பு ஆணையமான இ.எஸ்.ஏ.விடம் அறிவித்துச் சோதனை பெற வேண்டும். அந்தச் சான்றுகள் இல்லாமல் நிறுவிய ஹீட்டரால் தீ விபத்து நேர்ந்தால் வீட்டுக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரலாம்.